ஆறு பக்கம்

மாங்குளம் சந்தியில் இறங்கி
வவுனியா பஸ்ஸுக்கு ஓடியவள்
என் ஓட்டோவின் பின்சீட்டில் விட்டுப்போனது
ஒரு பிஸ்கற் பேணி.
காசு இல்லை, நகை இல்லை.
கடதாசிமேல் துணி மடித்துத் தைத்த துண்டுகள்,
எல்லாம் அறுகோணம்.
நாற்பத்தொன்று. எண்ணினேன்.
சில ஒன்றோடொன்று சேர்ந்து பூவாகியிருந்தன.
ஒரு பூ பாதியில்,
ஊசி குத்தியபடி.

தேடி வருவாள் என்று சீட்டுக்கடியில் வைத்தேன்.
மூன்றாம் நாள், ஹயர் இல்லாத மத்தியானம்,
ஒன்றைப் பிரித்தேன். சும்மா, எப்படி என்று பார்க்க.
நூலைப் பல்லால் கடித்து இழுக்க
துணி தளர்ந்தது,
கடதாசி மடியில் விழுந்தது.
நீல மை. தமிழ்.
"மழை இல்லை. கிண"
அவ்வளவுதான்.
மிச்சத்தைக் கத்தரிக்கோல் தின்றிருந்தது.

கிணறு வற்றிவிட்டதா,
கிணற்றடியில் யாரோ நிற்கிறார்களா,
கடிதத்தில் இருந்தவளுக்குத்தான் தெரியும்.
எனக்குத் தெரிந்தது
பிரித்ததை மூட வேண்டும் என்பது.

போனில் தேடினேன்.
யாரோ ஒருத்தி, முகம் இல்லை, கைகள் மட்டும்.
துணியை இழுத்து மடி, மூலையில் ஒரு தையல்,
அடுத்த பக்கம் மடி.
சேர்க்கும்போது விளிம்பில் இரண்டு இழை எடு, கடதாசியைக் குத்தாதே.
கைகள் இதைச் சொல்லி முடிக்க
டேட்டாவும் முடிந்தது.

என் முதலாவதில் ஐந்து மூலை வந்தது.
ஆறாவது துணிக்குள் எங்கோ போய் ஒளிந்தது.

பழக வேறு துண்டு வேண்டும்.
மகளின் கவராயத்தை எடுத்து வட்டம் போட்டேன்.
விரிக்காமல் சுருக்காமல்
அதையே வட்டத்தின்மேல் நடக்கவிட்டால்
ஆறாம் அடியில்
புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது!
இதைப் படிப்பித்திருப்பார்கள்.
நான் அந்த வருசம் பள்ளிக்கூடத்தில் இல்லை.
பள்ளிக்கூடமும் அந்த இடத்தில் இல்லை.

"என்ன அண்ணை, சீட் கவரோ?"
பக்கத்து ஓட்டோ யோகபாலன்.
"ஓம், சீட் கவர்."
"இந்தக் கணக்கில ரண்டு வருசம் ஆகும்."
மறுநாள் மனுசியின் சட்டைத்துணியில் மிஞ்சியது கொண்டுவந்தான்,
நைலோன்.
விலாங்குபோல வழுக்கியது.
அவன் பார்க்கிறான் என்பதால் அதையும் தைத்தேன்.

ஒரு துண்டில் ஒரு நூல் அகலம் பிழைத்தால்
நடுவைச் சுற்றி வரும்போது
கடைசி இதழுக்கு இடம் போதாது.
அப்படி வாய் மூடாத பூ
இரண்டு செய்திருக்கிறேன்.

கை கொஞ்சம் வந்ததும்
அவளுடையதில் இன்னொன்றைப் பிரித்தேன்.
சரியாக மூடத் தெரியும் என்ற துணிவு.
"அவனுக்குச் சொல்லாதை"
பிறகு இன்னொன்று.
"ஆடு ரண்டு குட்டி போட்"
அடுத்ததில் வெறும் கோடு.
மடிப்பு மாறாமல் ஒவ்வொன்றையும் மூடினேன்.
ஐந்தாவதுக்குக் கை போனபோது
ஊசி நகக்கண்ணில் ஏறியது.
சரி, நிறுத்து என்று பேணியை மூடினேன்.

நேற்று அழைப்பு.
ஓட்டோவின் முதுகில் எழுதிய நம்பரை
யாரோ கொடுத்திருக்கிறார்கள்.
"பேணி உங்களிட்டயோ? வெள்ளிக்கிழமை வாறன்.
ஒண்டும் குறையேல்லையே?"
குறையேல்லை என்றேன்.
ஒன்று கூடியிருப்பதைச் சொல்லவில்லை.

பாதியில் நின்ற பூவில்
கடைசி இதழ் என்னுடையது.
பழைய சாரத்தின் கட்டம்.
உள்ளே லீசிங் கொம்பனிக் கடிதம்,
மெல்லிய தாள், இரட்டையாக ஒட்டி வெட்டினேன்.
மடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது:
"தவறும் பட்சத்தில் வாக"

ஆறு பக்கமும் அயல் வந்த பிறகுதான்
கடதாசியை உருவலாமாம்.
என்னுடையதுக்கு மூன்று பக்கம் வந்திருக்கிறது.
மற்ற மூன்றையும் அவள் தைத்து,
உருவி,
வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கும் நாளில்
வாகனமா, வாக்கா என்று யோசிக்கட்டும்.

ஒட்டுசுட்டானுக்கு ஒரு ஹயர்.
கிழவர் ஒருவர், மூன்று கோழி.
ஊசியைக் கூரைத் துணியில் குத்திவிட்டு
ஸ்டார்ட் பண்ணினேன்.